ஆவணியில் பிரித்த கூரை

வீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று கொத்தனாரை வரவழைத்த ஹமீதா பானு, முதலில் கேட்டது செலவை அல்ல.

"கூடத்துல வேலை நடக்கும்போது நான் எங்க இருக்கிறது?"

வெட்டாற்றின் தென்கரையில், பள்ளிவாசல் தெருவில் அவள் தனியாக இருந்தாள். பிள்ளை இல்லை. கணவர் ஹபீப் முகம்மது பினாங்கில் கடை வைத்திருந்தார். அந்தத் தெரு ஆண்களில் பாதிப் பேர் அப்படித்தான். சபுராளிகள் என்பார்கள்; பயணம் போனவர்கள். வீட்டில் ஆண் இல்லாத பெண் அந்நிய ஆணின் முன்னால் வருவதில்லை. ஆகவே கொத்தனார் மருதையன் முன்கட்டில் நிற்பார், ஹமீதா திரைக்குப் பின்னால் நிற்பாள். சித்தாளாக வரும் அவர் மனைவி நீலாம்பாள் நடுவில் நின்று, இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் சொல்வாள். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும் என்பது வேறு விஷயம்.

"எங்க இருக்கிறதுன்னு கேக்குறாங்க."

"கேட்டுச்சுடி. கூடத்தைப் பிரிக்கையில சமையக்கட்டுல இருக்கட்டும். சமையக்கட்டைப் பிரிக்கையில கூடத்துல இருக்கட்டும்."

"சமையக்கட்டுல இருங்க, அப்புறம் கூடத்துக்கு வாங்கங்கிறாரு."

"ரெண்டையும் ஒண்ணாப் பிரிச்சா சீக்கிரம் முடியாதான்னு கேளு."

"ஒண்ணாப் பிரிச்சா பாயம்மா தெருவுலதான் நிக்கணும்னு சொல்லு."

நீலாம்பாள் சிரித்துவிட்டாள். "இதை நான் சொல்ல மாட்டேன். நீங்களே கேட்டுக்குங்கம்மா."

ஹமீதாவின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் கணவர் வந்திருந்தபோது ஓட்டுக் கூரை ஒழுகியது. மழை விடும்வரை என்று பக்கத்துத் தெருவில் இருந்த தன் அக்கா நூர்ஜஹான் வீட்டுக்குப் படுக்கப் போனார். மழை விட்டது, அவர் திரும்பவில்லை. கப்பல் ஏறும்வரை அங்கேயே இருந்தார். இந்த முறை நோன்புக்கு முன்னால் வருவதாக எழுதியிருந்தார். கூடத்துக்கு ஓட்டை எடுத்துவிட்டு மச்சு போட்டு, மேலே ஓர் அறையும் இருந்தால், கடையைப் பங்காளியிடம் விட்டுவிட்டு இங்கேயே இருந்துவிடலாம் என்றும் எழுதியிருந்தார். அவர் வந்து இறங்கும்போது வீடு முடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தத் தடவையும் அவர் அக்கா வீட்டு விருந்தாளி.

எப்போது தொடங்குவது என்பதில்தான் சிக்கல். சபர் மாதத்தில் நல்ல காரியம் வேண்டாம் என்றாள் ஹமீதா. அந்த வருடம் சபர் வைகாசியில் விழுந்தது. ஆடியில் நான் கரண்டி பிடிக்க மாட்டேன் என்றார் மருதையன். இரண்டுக்கும் நடுவில் ஆனி இருந்தது. ஆனால் ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கிவிடும். சித்தாள் ஒருத்திகூடக் கிடைக்க மாட்டாள். மருதையனும் பாதி விவசாயக் கூலிதான். புரட்டாசியில் அறுப்பு வந்தால் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு அரிவாளை எடுப்பார். ஐப்பசியில் மழை.

"ஆவணி ஒண்ணுதான் நம்ம கையில இருக்கு," என்றார் அவர். "மணலை இப்பவே அடிச்சுப் போட்டுடணும். தண்ணி வந்துட்டா ஆத்துல மணல் ஏது? செங்கல்லும் இப்பவே எறக்கிடணும். கொட்டி வைக்கிறதுக்கு சபரு தோஷம் உண்டான்னு கேளு."

"கொட்டி வைக்கிறதுக்கு இல்லை."

"அப்பச் சரி. ஆவணியில கூடத்துக்கு மச்சு. மாடி அறையும் சமையக்கட்டும் அடுத்த வருசம். இதுக்கு மேல ஆசைப்பட்டா நடக்காது."

அது நல்ல திட்டம். இரு தரப்பு நம்பிக்கைக்கும் ஆற்றுக்கும் வயலுக்கும் இடம்விட்டுப் போட்ட திட்டம். ஹமீதாவுக்கு மாடி அறைதான் மனதில் உறுத்தியது. ஆனாலும் ஒத்துக்கொண்டாள்.

ஆவணி பிறந்தது. ஓடுகள் இறங்கின. சமையற்கட்டில் உட்கார்ந்து, மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பதையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். யார் நடை எது, யார் இருமல் எது என்று பிடிபட்டது. நீலாம்பாள் சாந்துச் சட்டியோடு ஏறும்போது புருஷனை வைவாள். அவர் மேலே நின்று பதிலுக்கு வைவார். மற்ற ஆட்கள் இருவரையும் உசுப்பேற்றிவிடுவார்கள். பொழுது சாய்ந்து அவர்கள் போனதும் வீடு சட்டென்று பெரிதாகிவிடும். மறுநாள் அவர்கள் வரும்முன்பே எழுந்து டீத்தண்ணீர் போட்டு வைப்பாள். டீ வாங்க வரும் நீலாம்பாளிடம், "நேத்து எதுக்கு அப்படிச் சிரிச்சீங்க?" என்று கேட்பாள். பெரும்பாலும் நீலாம்பாளுக்கு நினைவிருக்காது.

காங்கிரஸ் போய்க் கழக ஆட்சி வந்த வருடம் அது. புரட்டாசி நெருங்கும்போது ஊரில் பேச்சு மாறியது. அறுப்புக் கூலியில் கலத்துக்கு அரைப்படி நெல் கூட வேண்டும் என்று ஆட்கள் கேட்டார்கள். முடியாது என்றார்கள் மிராசுதார்கள். வெளியூர் ஆள் இறக்குவோம் என்றார்கள். வரப்பில் சிவப்புக் கொடி ஏறியது. வயல்கள் முற்றி நின்றன, யாரும் இறங்கவில்லை.

"அறுப்பு இப்போதைக்கு இல்லை," என்றார் மருதையன். "நாங்க வேலைக்கு வருவோம்னு சொல்லு. கூடத்தை மூடிடலாம்."

திரைக்குப் பின்னால் ஹமீதா வேறு கணக்குப் போட்டாள். ஆவணிதான் கையில் என்றார்கள். இப்போது புரட்டாசியும் கிடைத்துவிட்டது. மாடி அறையையும் எடுத்துவிட்டால்? மாடிப்படி சமையற்கட்டு வழியாகத்தான் ஏற வேண்டும். அதைப் பிரித்துப் படி எடுத்த பிறகுதான் கூடத்தை மூட முடியும்.

"சமையக்கட்டையும் பிரிக்கச் சொல்லு."

மருதையன் கரண்டியைக் கீழே வைத்தார். "போராட்டம் எப்ப முடியும்னு எனக்கே தெரியாதுன்னு சொல்லு."

"சட்டுனு முடியாதுன்னுதான் ஊரே சொல்லுது."

சமையற்கட்டும் இறங்கியது. ஹமீதா தெரு ஓரத்துச் சின்ன அறைக்கு மாறினாள். மூன்று செங்கல் வைத்து அங்கேயே அடுப்பு மூட்டினாள். தாலுகா ஆபீஸில் பேச்சுவார்த்தை என்று கேள்விப்பட்ட அன்று, தொழுதுவிட்டு, இது இன்னும் கொஞ்ச நாள் இழுக்கட்டும் என்று துஆ கேட்டாள். நீலாம்பாளின் தெருவில் அடுப்புகள் நாளுக்கு ஒரு வேளைதான் எரிகின்றன என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள்.

படி பாதி எழும்பியிருந்தது. ஒரு காலையில் யாரும் வரவில்லை. வெயில் ஏறிய பிறகு நீலாம்பாள் மட்டும் வந்தாள்.

"பேசி முடிச்சிட்டாங்கம்மா. கால்படி கூடக் குடுக்குறாங்களாம். கதிரு சாஞ்சு கெடக்கு, நாளைக்கே எறங்கணும்."

"கூடம்?"

"அதைத்தான் கேட்டுட்டு வரச் சொன்னாரு. நீங்க நிக்கச் சொன்னா நிப்பாரு. அவரு நின்னா இன்னும் நாலு பேரு நிப்பாங்க. மழைக்கு முன்னாடி மூடிடலாமாம்."

"நின்னா உங்களுக்கு என்ன ஆவும்?"

"என்ன ஆவும்? எல்லாரோடயும் சேந்து பட்டினி கெடந்துட்டு, அறுப்பு அன்னிக்கு சாந்து கொழைக்கப் போயிட்டான்னு சிரிப்பாங்க. சிரிச்சாக்கூடப் பரவால்ல. பண்ணையில பேரு போயிடும். வருச நெல்லு அதுதானேம்மா."

ஹமீதா பிரித்துக் கிடந்த கூடத்தைப் பார்த்தாள். நிற்கச் சொல்ல ஒரு வார்த்தை போதும். நீலாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"போகச் சொல்லு," என்றாள் ஹமீதா. "போறதுக்கு முன்னாடி கூடத்துல கீத்து போட்டுக் குடுத்துட்டுப் போகச் சொல்லு."

அன்று மாலையே வந்து கீற்று போட்டுக் கொடுத்தார்கள். ஐப்பசி மழை அதைப் பத்தே நாளில் தின்றுவிட்டது.

கார்த்திகையில் ஹபீப் முகம்மது நாகப்பட்டினத்தில் இறங்கி, வாடகைக் காரில் வந்தார். நூர்ஜஹானும் கூடவே வந்தாள். பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டு இருவரும் கூடத்தை எட்டிப் பார்த்தார்கள். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

"மாளிகை கட்டுறான்னாங்க," என்றாள் நூர்ஜஹான். "தம்பிக்குக் குளம்ல வெட்டி வச்சிருக்கா!"

"மதினி, அறுப்பு வந்திடுச்சு, ஆளுங்க..."

"அறுப்பு வருசா வருசம் வருதும்மா. தம்பிதான் வர்றதில்லை."

ஹபீப் முகம்மது அக்காவைக் கையமர்த்தினார். சின்ன அறைக்குள் தலையை நீட்டி, பாயையும் அடுப்பையும் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குப் பேச ஏதாவது கிடைத்திருக்கும்.

"நீயும் அங்க வந்துடேன்," என்றார்.

"தேக்கு உத்தரம் எல்லாம் கெடக்கு. ஆள் இல்லைன்னா ஒண்ணும் மிஞ்சாது."

"அதுவும் சரிதான்."

அவர் இன்னொரு முறை கூப்பிடவில்லை. பெட்டிகள் மறுபடி காரில் ஏறின.

நோன்பு தொடங்கியதும் திறக்கும் நேரத்துக்குக் குடையோடு வந்தார். சின்ன அறையில் முழங்கால் முட்ட உட்கார்ந்து கஞ்சி குடித்தார். பினாங்கில் மழை எப்படிப் பெய்யும் என்று சொன்னார். அவள் அவர் கோப்பையையே பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு நோன்பைப் பள்ளிவாசலிலேயே திறந்துகொண்டார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வந்தார். இங்கேயே இருந்துவிடும் பேச்சை அவர் எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பெருநாள் முடிந்து பினாங்கு திரும்பும் நாளில், "முடிஞ்சதும் எழுது. வர்றேன்," என்றார்.

மார்கழிக் கடைசியில் மருதையன் முன்கட்டில் வந்து நின்றார். நீலாம்பாள் புது நெல்லில் குத்திய அரிசி கொஞ்சம் கொண்டுவந்திருந்தாள்.

"பாய் அடுத்தாப்ல எப்ப வர்றாருன்னு கேளு," என்றார் அவர். "அதுக்குத் தக்க நாள் வச்சுக்கலாம்."

"எப்ப வர்றாருங்கிறாரு."

ஹமீதா அரிசியை முறத்தில் கொட்டினாள்.

"தெரியாதுன்னு சொல்லு. சம்பா அறுப்பு எப்ப முடியுதுன்னு கேளு."

"மாசிக் கடைசி ஆயிடும்," என்றார் மருதையன்.

"அப்ப பங்குனியில சமையக்கட்டை மூடச் சொல்லு. புகை தாங்க முடியலை. அப்புறம் கூடம்."

"மாடி அறை?" என்றாள் நீலாம்பாள்.

ஹமீதா முறத்தைத் தட்டி, அரிசியில் கிடந்த கல்லைப் பொறுக்கினாள்.

"மாடி இப்ப யாருக்கு?" என்றாள். "படியை அப்படியே நிறுத்திடச் சொல்லு."

நீலாம்பாள் அதை எடுத்துச் சொல்லவில்லை. மருதையனுக்குக் கேட்டுவிட்டது. சரிங்க என்று சொல்லிவிட்டு, கூடத்துச் சுவரின் ஈரத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.