நம்மவர் பார்க்காத இடம்

கோலாலம்பூரில் யாரும் யாரிடமும் சுகம் விசாரிப்பதில்லை, "சாப்ட்டாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். மணமாகி பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்த புதிதில் எனக்கு இது ஒட்டவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒழுங்கையில் எதிர்ப்படுபவர்கூட "சுகமோ?" என்பார். ஆனால் எண்பதுகளின் நடுவில் இரண்டு வருடங்கள் இந்த ஊர் வழக்கத்துக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். சாப்பிட்டேன் என்பது பொய்யில்லை.

எனக்கு அரித்தது. பெண்குறியின் வெளி உதட்டில், இடது பக்கம், சிவந்த திட்டு. மேலே வெள்ளைச் செதில். தமிழ்ப் பத்திரிகையொன்றில் பிழைதிருத்தும் வேலை பார்த்த நான் இப்படியொரு வாக்கியத்தை இப்போதுதான் எழுதுகிறேன். அன்று எங்கள் தெரு டாக்டரிடம், "தொடையிடுக்கில் அரிப்பு" என்றேன். அவர் இங்கேயே பிறந்த யாழ்ப்பாணத்தார். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் எங்கள் அருகில் நிற்பவர். "வெயில் ஊரு அக்கா, வேர்வைதான்," என்று கிறீம் எழுதித் தந்தார். காட்டச் சொல்லவில்லை. சொல்லிவிடுவாரோ என்று ஒவ்வொரு முறையும் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். கிறீம்கள் மாறின. திட்டு பெரிதாகி, ஒருநாள் உள்ளாடையில் இரத்தம் பட்டது.

பக்கத்து நகரமான கிள்ளானுக்குப் பஸ் ஏறினேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. சீனப் பெண் டாக்டர் விளக்கை இழுத்து வைத்து, குனிந்து பார்த்தார். நான் விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"இதற்கு முன் டாக்டரிடம் போகவில்லையா?" என்றார் ஆங்கிலத்தில்.

"போனேன். இரண்டு வருடம்."

"அவர் பார்த்தாரா?"

"பார்த்தார்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதைப் பார்த்துவிட்டா கிறீம் கொடுத்தார்?"

"இதையில்லை. என் முகத்தை."

சிறு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். பேஜட் நோய் என்று வந்தது. வழக்கமாக முலைக்காம்பில் வரும் புற்று, மிக அரிதாக அங்கேயும் வருமாம். படை போலத் தோன்றி ஏமாற்றுமாம். பெரிய ஆஸ்பத்திரியில் திட்டைச் சுற்றியிருந்த நல்ல தோலையும் சேர்த்து அகலமாக வெட்டி, தொடைத் தோலை உரித்து அங்கே ஒட்டினார்கள். ஆழமாக இறங்கவில்லை, ஆனால் திரும்ப வரலாம், வருடாவருடம் காட்ட வேண்டும் என்றார்கள்.

"கேட்டால் கர்ப்பப்பை எண்டு சொல்லுவம்," என்றார் கணவர். எங்கள் ஆட்களிடம் அந்தச் சொல்லுக்கு மரியாதை உண்டு.

எங்கள் தெரு டாக்டர் மனைவியோடு திராட்சை வாங்கிக்கொண்டு வந்தார். உட்கார முடியாமல் சரிந்து கிடந்தேன்.

"சாப்ட்டாச்சா அக்கா? கர்ப்பப்பைய எடுத்துட்டாங்களா?"

கணவர் தலையாட்டினார். டாக்டருடைய கிளினிக்கில், மடியில் கைப்பையோடு காத்திருக்கும் மற்றப் பெண்கள் என் நினைவுக்கு வந்தார்கள்.

"இல்லை டொக்டர். நீங்கள் தந்த கிறீம் பூசின இடத்தைத்தான் வெட்டினவை. புற்று."

அவர் திராட்சைப் பையைக் கட்டிலில் வைத்தார். பிறகு எடுத்து மேசையில் வைத்தார்.

"என்கிட்ட காட்டியிருக்கலாமே அக்கா."

அவர் மனைவி திரும்பினார். "காட்டியிருந்தா நீங்க பாத்திருப்பீங்களா?"

என் முகம் எரிந்தது, டாக்டருடையதும் சிவந்திருந்தது.

ஊருக்கு மட்டும் இன்னும் உண்மை எழுதவில்லை. கர்ப்பப்பை எடுத்தவள் பாரம் தூக்கக் கூடாது என்று ஊரிலிருக்கும் என் அக்கா ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாள். அங்கே நான் கர்ப்பப்பை இல்லாதவள். கிள்ளானில், வருடம் ஒருமுறை, விளக்கின் கீழே உள்ளபடி கிடப்பவள். ஒட்டிய தோல் புது இடத்தில் நன்றாகவே பிடித்துக்கொண்டது, தொட்டால் உணர்வில்லை. தொடையில் அதை உரித்தெடுத்த இடம்தான், வெயில் நாட்களில், இன்னும் அரிக்கிறது.