ஆறு நிமிடப் பாட்டு

"இது காதால கேக்குற பாட்டும்மா. இதுக்கு எவனும் ஆட மாட்டான்" என்றார் டி.ஜே. அண்ணா. சேலையூர்க்காரர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஹோட்டல் கிளப்பில் ஞாயிறு மதியங்களில் பாட்டுப் போடுபவர். என் முகம் வாடியதைப் பார்த்திருக்க வேண்டும். "சரி, இவ்ளோ தூரம் வந்துட்ட. ஒரு தடவ போட்டுப் பாக்கலாம்" என்றார்.

போட்டார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். ஒரு பெண் கழற்றிப் போட்ட செருப்பைத் தேடினாள். மூன்று நிமிடப் பாட்டு முடிவதற்குள் எல்லோரும் ஜூஸ் குடிக்கப் போய்விட்டார்கள்.

அது நானே செய்த பாட்டு; கிளப்பில் ஆடுவதற்கென்றே செய்யும் 'ஹவுஸ்' வகை. பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்பில் செய்தது. பாடியதும் நான்தான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்; கல்லூரியையும் முடித்தேன். இதை எங்கே சொன்னாலும் கொஞ்சம் நிமிர்ந்துதான் சொல்வேன். அப்பாவுக்குக் கட்டட வேலை, அம்மா ஒரு பள்ளியில் ஆயா. படிப்பு முடிந்ததும் பாட்டு செய்கிறேன் என்று உட்கார்ந்த எனக்கு அப்பா ஆறு மாதம் கொடுத்திருந்தார். அதற்குள் கிளப்பில் என் பாட்டு ஓட வேண்டும். இல்லையென்றால் பொத்தேரியில் கிடைத்த கம்ப்யூட்டர் வேலையில் சேர வேண்டும். அப்போது ஐந்தாவது மாதம்.

அண்ணா என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "என் கையப் பாரு." ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்த பாட்டின் தாளத்தை அதன் அடியில் மெல்ல ஏற்றினார். கொஞ்ச நேரம் இரண்டும் சேர்ந்து ஓடின. பிறகு பழையது போய்விட்டது. ஆடியவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

"உன் பாட்டு சினிமாப் பாட்டு மாதிரி வந்ததுமே பாட ஆரம்பிச்சிடுது. நான் அத எங்க கொண்டாந்து ஒட்டுறது?"

வீட்டுக்கு வந்து பாட்டைப் பிரித்தேன். முன்னால் ஒன்றரை நிமிடம் வெறும் தாளம் சேர்த்தேன், பின்னாலும் அதே அளவு. என் ஹெட்போனில் தாளத்தின் கனமான அடிச்சத்தம் சரியாகக் கேட்காது. அதனால் ஸ்பீக்கரைச் சமையலறை அலமாரியில் வைத்தேன். எவர்சில்வர் டம்ளர்கள் நடுங்கினால் சத்தம் போதும் என்று கணக்கு.

அம்மா தோசைக் கரண்டியோடு நின்று கேட்டாள். "இன்னாடி, டொம்மு டொம்முனே போய்க்கினு கீது. பாட்டு எப்ப வரும்?"

"வரும்மா."

"அதுக்குள்ள நான் மாவயே காலி பண்ணிடுவேன். டம்ளரு கீழ வுழுந்தா நீதான் கழுவணும்."

அடுத்த ஞாயிறு என் பாட்டு எப்போது உள்ளே நுழைந்தது என்று எனக்கே சரியாகப் பிடிபடவில்லை. யாரும் நிற்கவில்லை. என் குரல் வந்தபோது முன்னால் ஆடியவர்களின் கைகள் மேலே போயின. அண்ணா திரும்பிப் பார்க்காமல் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

அதன்பின் நுங்கம்பாக்கத்தில் போட்டார்கள், பெங்களூரில் போட்டார்கள். முகம் தெரியாத டி.ஜே.க்கள், என் பாட்டுக்குக் கூட்டம் ஆடுவதை வீடியோ எடுத்து அனுப்பினார்கள். அப்பாவிடம் காட்டினேன். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"எந்தப் படம்?"

"படம் இல்லப்பா. தனிப் பாட்டு."

"படமே இல்லாமயா இத்தினி பேரு ஆடுறாங்க? இதுல நீ எங்க கீற?"

"பாடுறது நான்தான்பா."

சத்தத்தைக் கூட்டச் சொன்னார். முழுவதும் கேட்டார். ஆறு நிமிடம் அவர் எதையும் உட்கார்ந்து கேட்டு நான் பார்த்ததில்லை.

"அந்தப் பொத்தேரி வேல இன்னா ஆச்சு?"

"பத்து நாள்ல சேரணும்பா."

"நீ அங்க பூட்டா இத யாரு செய்யறது?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

நேற்றுக் காலை பொத்தேரிக்குப் போய், வேலையில் சேரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.