சாக்குப் போக எடை

"மேற்படி நபர் போதைப் பழக்கத்துக்கு ஆதரவானவர், மீனவ இளைஞர்களைத் தூண்டிவிடும் இயல்புடையவர், உரத்த குரலில் பேசிக் கூட்டம் சேர்க்கக்கூடியவர்."

தெருமுனைக் கூட்டத்துக்கு அனுமதி மறுத்துக் காவல் நிலையம் ஒன்று எழுதிய குறிப்பு இது. கூட்டத்தின் தலைப்பு, 'பழக்கத்துக்கு மருத்துவம், சிறை அல்ல'. மேற்படி நபரான வழக்கறிஞர் சம்சுன் நிஹார், வயது இருபத்தேழு, சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இதைப் படித்தார். டீ குடித்தால் அவருக்குப் படபடப்பு வந்துவிடும். இருமல் மருந்து அரை மூடி உள்ளே போனால் மறுநாள் மதியம்வரை தூக்கம். உரத்த குரலைப் பொறுத்தவரை, நீதிபதி வாரத்தில் இரண்டு முறையாவது, "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா, எனக்கும் கேக்கணும்ல" என்று கேட்டுக்கொள்கிறார்.

ஜெகதாப்பட்டினத்தில் மீன் கமிஷன் வியாபாரம் செய்யும் முகமது ரபீக்கின் ஒரே மகள். ரபீக் ஒரு பீடியைப் பற்றவைத்தால் மகள் வாசல் கதவைச் சாத்திவிடுவார். "கஞ்சாக் குடிச்சவனுக்குக் கோர்ட்டுல நின்னு வாதாடுறா. பெத்த அத்தா ஒரு பீடி பிடிச்சா வீட்டுக்குள்ள விட மாட்டேங்குறா. இது என்ன சட்டம்னு கேளுங்க" என்று ரபீக் ஏலக்கூடத்தில் நியாயம் கேட்பார். மகளிடம் பதில் தயாராக இருக்கும். "பீடி வேணாங்குறேன், அத்தா. உங்கள ஜெயில்ல போடச் சொன்னேனா?"

வழக்கறிஞராகி மூன்று வருடம். காலை ஆறு மணிப் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்சீட்டு அவருடையது. புதுக்கோட்டை போய்ச் சேருவதற்குள் அன்றைய வழக்கின் மகஜரை, அதாவது போலீசார் சோதனை நடந்த இடத்திலேயே எழுதும் பத்திரத்தை, பென்சிலோடு மூன்று முறை படித்து முடிப்பார். அவருடைய பதினோரு கட்சிக்காரர்களும், பதினோரு வெவ்வேறு இடங்களில் பிடிபட்டு, ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள்: 'என்னைச் சோதனையிட நீதிபதியோ உயர் அதிகாரியோ தேவையில்லை, தங்களையே முழுமையாக நம்புகிறேன்.' பதினோரு பேரில் ஒருவர் ஒடியா மட்டுமே பேசும் கட்டடத் தொழிலாளி. "ஒடிசாக்காரரு 'தாங்கள்'னு பேசியிருக்காரு, சார். நான் தமிழ் மீடியம். நானே பேசுனதில்ல" என்று அவர் மெல்லிய குரலில் சொன்னபோது நீதிபதி சத்தமாகச் சொல்லச் சொல்லவில்லை. கேட்டுவிட்டது.

விசைப்படகில் கூலிக்குப் போகும் இன்னாசியின் வழக்கிலும் அதே வாக்கியம்தான். ஆனால் பென்சில் நின்றது எடையில். துறைமுகத்தில் இன்னாசியிடம் பிடித்த கஞ்சாவை ஐஸ் பிளான்ட் தராசில் நிறுத்ததாகவும், 'நனைந்த சாக்குப் பையுடன் ஒரு கிலோ நூற்றைம்பது கிராம்' இருந்ததாகவும் மகஜர் சொன்னது. ஒரு கிலோவைத் தாண்டினால் பத்தாண்டுவரை சிறை. தாண்டாவிட்டால் சட்டத்திலேயே ஒரு சின்ன வாசல் உண்டு: பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையில் சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கே நடக்காது. அந்த வாசலை அதிகம் பேர் திறந்து பார்த்ததில்லை.

சாப்பிடும்போது மகஜரை வாசித்துக் காட்டினார். ரபீக் இட்லியைக் கீழே வைத்துவிட்டார்.

"சாக்கோடயா நிறுத்தாக?"

"சாக்கோடதான்."

"நனைஞ்ச சாக்கு மட்டுமே முக்காக் கிலோவுக்கு மேல இருக்குமே, புள்ள. நாங்க பெட்டிக்குக் கழிச்சு, ஐஸ் தண்ணிக்குக் கழிச்சுத்தான் எழுதுவோம். எந்த ஊருக்காரரு அந்த எஸ்.ஐ.?"

"திருமயம்."

"அதான பாத்தேன், கடலில்லாத ஊரு" என்று ரபீக் மறுபடி இட்லியை எடுத்தார்.

சரக்கைச் சாக்கிலிருந்து எடுத்து நீதிபதி முன்னால் நிறுக்க வேண்டும் என்று சம்சுன் நிஹார் மனுப் போட்டார். நிறுக்கும் நாளில் உதவி ஆய்வாளர் ரகுநாத், "மீனுக்குக் கழிக்கிற கணக்கெல்லாம் இங்க கொண்டாராதீங்க, மேடம்" என்றார்.

"மீனுக்கே கழிக்கிறாங்க, சார். இது ஒரு மனுசனோட பத்து வருசம்."

காய்ந்த சாக்கு அறுநூற்று நாற்பது கிராம். கஞ்சா நூற்றுத் தொண்ணூறு. மிச்சம், கடல் தண்ணீர். அதற்குத் தண்டனை சொல்லும் பிரிவு எதுவும் இல்லை. இன்னாசிக்கு ஜாமீன் கிடைத்தது.

இதோடு முடிந்தது என்று எண்ணியதுதான் சம்சுன் நிஹாருடைய தவறு. மருத்துவமனை என்றதும் இன்னாசி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அது மட்டும் வேணாம், வக்கீலம்மா. நான் ஜெயிலுக்கே போயிடுறேன்."

"ஏன்?"

"ஜெயிலு என்ன ஜெயிலு? ரெண்டு தடவ யாழ்ப்பாணத்துல உள்ள கெடந்தேன். திரும்பி வந்தப்ப சால்வை போட்டுக் கூப்பிட்டாக. எங்க கரையில உள்ள போகாத ஆளு யாரு? ஆசுபத்திரின்னா கஞ்சாக்கிறுக்கன்னு ஆயிரும். எம் பயலுக்குப் பொண்ணு தர மாட்டாக."

"ஒங்க பயலுக்கு என்ன வயசு?"

"நாலு."

சிறைக்கும் மருத்துவமனைக்கும் உள்ள வேறுபாடு பற்றி சம்சுன் நிஹாரிடம் ஒரு கூட்டத்துக்கான பேச்சே தயாராக இருந்தது. ஆனால் எல்லைதாண்டியதாகப் பிடிபட்டுச் சிறைபோவது மீன்பாடு குறைவதைப் போல ஓர் இடைஞ்சல்தான் என்றிருக்கும் ஊரில், அந்தப் பேச்சுக்கு வேலையில்லை. அந்த ஊர்க்காரர்தான் அவரும். பேச்சை எழுதும்போது மட்டும் அது மறந்துபோயிருந்தது. இன்னாசியின் மனைவி ஏஞ்சல் முன்னால் வந்தார். "நீங்க கூட வருவீங்களாங்க?" என்று மட்டும் கேட்டார். "வாரேன்" என்றார் சம்சுன் நிஹார். இன்னாசி பேனாவை வாங்கினார். சிகிச்சை கேட்கும் மனுவில் கையெழுத்துப் போட்டார். 'தாங்கள்' இல்லாத மனு அது.

புதுக்கோட்டையில் அரசு மருத்துவமனை. திங்கட்கிழமைக் கூட்டம். போதை மறுவாழ்வுப் பிரிவின் பெயர்ப்பலகை தூரத்திலிருந்தே படிக்கும்படி பெரிய எழுத்தில் இருந்தது. அதற்கு நேர் கீழே பெஞ்சு. கைக்கட்டோடு வந்திருந்த ஜெகதாப்பட்டினத்துக்காரர் ஒருவர் எதிர்வரிசையிலிருந்து இங்கிட்டே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னாசி உட்காராமல் தூணோரமாக ஒதுங்கினார்.

"நீங்க அங்கிட்டுப் போயி இருங்கம்மா. கறுப்புக் கோட்டப் பாத்து வக்கீலுன்னு தெரிஞ்சாலும், ஊருல ஒங்களையும் கஞ்சாக்கேசுன்னு பேசுவாக."

சம்சுன் நிஹார் கோட்டைக் கழற்றி, மடித்துப் பைக்குள் வைத்தார். பலகைக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார். இன்னாசி வந்து உட்கார்ந்தார். பெயர் கூப்பிட இரண்டரை மணி நேரம் ஆனது. அதுவரை இருவரும் எழுந்திருக்கவில்லை.