என் உப்பளத்தில் பதிவான பாட்டு

மூணாங்கிளாஸ் படிச்சவன் நான். மரக்காணத்துல ஒண்ணுக்கும் ஆகாதுன்னு விட்ட சேத்துல உப்பளம் போட்டேன். புயல் வரப்பைக் கரைச்சது, திரும்பக் கட்டினேன். மாடி வீடும் கட்டினேன்.

குயிலாப்பாளையத்திலிருந்து நரைச்ச கொண்டை போட்ட வெள்ளைக்காரம்மா ஒருத்தங்க, மைக் பிடிக்கிற ஒருத்தரோட வந்தாங்க. தண்ணியைப் பத்தின பிரெஞ்சு, ஜெர்மன் பாட்டுங்களைப் பாடிப் பதிவு பண்றாங்களாம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி பாத்தித் தண்ணியில காலை நனைச்சுக்குவாங்க.

"ஐயா, இஞ்சினை நிறுத்துங்களேன்."

"ஏம்மா, தண்ணிப் பாட்டுக்குத் தண்ணி இறைக்கிற சத்தம் ஆகாதா?"

சிரிச்சாங்க. "இந்தப் பாட்டுல தண்ணி தூங்குதுங்க."

நல்ல வெயில்ல இஞ்சின் நின்னா அன்னிக்கு உப்பு போச்சு. ஆனாலும் நிறுத்திட்டேன். ஏன்னு இன்னும் விளங்கலை.

பாட்டு வெளிவந்துடுச்சு. அட்டையில மைக் பிடிச்சவர் பேருகூட இருக்குது. பாட்டுக்கு அடியில அமைதி கேக்குதே, அது நான் கொடுத்தது. என் பேரையும் போடணும்.