முத்துமாரி அக்காவின் நடைவேகத்தில்

ஜூன் மாதத் தொடக்கம். ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பள்ளியில் எனக்கு நூலகர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை 8.45க்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். விருதுநகரில் என் வீட்டிலிருந்து பள்ளிக்கு 19 கிலோமீட்டர். பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் மண்சாலை. முதல் பஸ்ஸைப் பிடித்து நடந்து பார்த்தேன், மணி 9.20 ஆகிவிட்டது. அரை மணி நேரம் தள்ளி வரலாமா என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். "எட்டே முக்காலுக்கு வர்ற ஆளுதான் வேணும்மா. லிஸ்ட்ல இன்னும் ரெண்டு பேரு இருக்காக" என்றார்.

ஆகவே சனிக்கிழமை மாலைக்குள் பைக் வாங்கியாக வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. முதல் வண்டி தேடி இந்தப் பக்கம் சுற்ற நினைக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் அந்தச் சனிக்கிழமையை எழுதுகிறேன்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். எல்.எல்.ஆர். வாங்கி முப்பத்தாறு நாள் ஆகியிருந்தது. தோழி தேன்மொழியின் வண்டியில், மைதானத்தில், நான்கு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி. கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு புத்தகங்கள் படித்திருந்தேன். கிளட்சுக்கு அது தெரியவில்லை. ஸ்கூட்டர் வாங்கலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. அந்த மண்சாலையில் லோடு லாரிகள் தோண்டி வைத்திருக்கும் பள்ளங்களில் சின்னச் சக்கரம் இறங்கினால் ஏறாது. அதனால்தான் பைக்.

காலை 9.30க்குத் தேன்மொழியின் வண்டியில் கிளம்பினோம். அவள் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறாள். லேபிள் கட்டுகளை பைக்கில் கொண்டுபோய்க் கம்பெனி கம்பெனியாகக் கொடுப்பவள். லைசென்ஸ் உண்டு, பொறுமை கிடையாது.

முதலில் விருதுநகரிலேயே ஒரு ஷோரூம். விற்பனையாளர் என்னைப் பார்த்ததும் ஸ்கூட்டர் வரிசைக்கு நடந்தார். பைக் என்றேன். "வீட்டுக்காரருக்கா மேடம்?" என்றார். எனக்கு என்றேன். "அப்ப எந்தக் கலர் வேணும்?" என்றார். எஞ்சினைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இரண்டு கால்களும் காற்றில் ஆடின. பெருவிரலால் தரையைத் தேடியபடி விலை கேட்டேன். சொன்னார். இறங்கிவிட்டேன்.

அங்கிருந்து சாத்தூர், 27 கிலோமீட்டர், நான்குவழிச் சாலை, நாற்பது நிமிடம். விளம்பரத்தில் பார்த்த பழைய கனத்த பைக். உட்கார்ந்தால் கால் நன்றாக எட்டியது. ஆனால் சென்டர் ஸ்டாண்டிலிருந்து இறக்க முடியவில்லை. நானும் தேன்மொழியும் சேர்ந்து தள்ளினோம். வண்டிக்காரர் டீ குடித்துக்கொண்டே பார்த்தார். "எறக்கீட்டா அப்புறம் ஒண்ணுமில்ல, தண்ணி மாதிரி போகும்" என்றார். இறக்குவதற்குத் தினமும் ஆள் வைக்க என்னால் ஆகாது.

மூன்றாவது வண்டி ஆனைக்குட்டம் போகும் வழியில் இருந்தது. ஒரு பட்டாசு யூனிட்டின் ஃபோர்மேன் பால்ச்சாமி அண்ணனுடையது. நூறு சி.சி., ஒன்பது வயது, ரூ. 31,000. சாத்தூரிலிருந்து சிவகாசி 20 கிலோமீட்டர், அங்கிருந்து இன்னொரு ஒன்பது. போய்ச் சேரும்போது மணி 1.50. சாப்பாட்டு நேரம் முடிந்து பெண்கள் ஷெட்டுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் இருவரின் செல்போனையும் வாசலிலேயே வாங்கி ஒரு மரப்பெட்டியில் போட்டார் வாட்ச்மேன். உள்ளே வேலை செய்கிறவர்களின் போன்களும் அதில்தான் இருந்தன.

வண்டி வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றது. கால் எட்டியது. தார்ச்சாலை வரை கையால் தள்ள முடிந்தது. அங்கே முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனது. "மெயின் ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க தாயி" என்றார் பால்ச்சாமி அண்ணன். போனேன். இரண்டாவது கியர் வரை எல்லாம் சுகம்.

திரும்பி வரும்போதுதான் யூனிட்டுக்குத் திரும்பும் இடத்தில் அந்தப் பலகை கண்ணில் பட்டது: எஞ்சினை நிறுத்தி வண்டியைத் தள்ளிச் செல்லவும். போட்ட விதியை மதித்தே பழக்கப்பட்டவள் நான். ஓடிக்கொண்டிருந்த வண்டியை, கியரில் இருக்கும்போதே, ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தபடியே, சாவியைத் திருப்பி அணைத்தேன். வண்டி உலுக்கியது. விழப்போகிறோம் என்ற பயத்தில் சாவியை மறுபடி திருப்பிப் போட்டேன். எரியாத பெட்ரோல் சூடான சைலன்சருக்குள் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது நான் படித்த புத்தகம் ஒன்றில் மூன்றாவது அத்தியாயம்.

டமார்.

வேறு எந்த ஊராக இருந்தாலும் நான்கு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். இங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லா ஷெட்டுகளின் எல்லாக் கதவுகளிலிருந்தும் ஆட்கள் ஓடினார்கள். கத்தவில்லை, பொருள் எதையும் எடுக்கவில்லை, ஓடினார்கள், அவ்வளவுதான். அரை நிமிடத்தில் யூனிட் காலி. வேலிக்கு வெளியே மூச்சிரைக்க ஒரு கூட்டம் நின்றது. எதிரே, கீழே விழுந்த வண்டிக்குப் பக்கத்தில் நான். சைலன்சரிலிருந்து கொஞ்சமாகப் புகை.

"யாருலே அது!" என்று ஓடிவந்த பால்ச்சாமி அண்ணன் என்னைக் கண்டு நின்றார். "நீங்களா? தாயி, இங்கன தீப்பெட்டிகூடக் கொண்டாரக் கூடாதும்போம். நீங்க வெடியவே கொண்டாந்திருக்கீக!"

"அவ நெறைய படிச்சவண்ணே, அதான்" என்றாள் தேன்மொழி.

யாரோ சிரிக்கத் தொடங்க, கூட்டமே சிரித்தது. பால்ச்சாமி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. வருகைப்பதிவேட்டை எடுத்துவரச் சொல்லிப் பெயர் கூப்பிட்டார். சத்தம் கேட்டு ஆட்கள் வெளியே வந்தால், எல்லோரையும் கண்ணால் பார்த்துப் பெயருக்கு நேரே கோடு போட்ட பிறகுதான் வேலை தொடங்க வேண்டுமாம். நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். முத்துமாரி இல்லை.

"பின்வேலியத் தாண்டி டீக்கடைப் பக்கமா போனாண்ணே. நல்ல ஓட்டம்" என்றது ஒரு குரல். கூப்பிடலாம் என்றால் அவர் போன் மரப்பெட்டிக்குள். தேன்மொழி தன் வண்டியை எடுக்கப் போனாள். "நீங்க இருங்க. வெடிச்சவுகளே போய்க் கூட்டியாரட்டும்" என்றார் பால்ச்சாமி அண்ணன்.

வண்டியைத் தார்ச்சாலை வரை தள்ளிக்கொண்டுபோய் ஸ்டார்ட் செய்தேன். டீக்கடை 1.8 கிலோமீட்டரில் இருந்தது. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், செருப்பில்லாமல், பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

"முத்துமாரி அக்காவா?"

"எந்த ஷெட்டு?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"எதுவும் இல்லைக்கா. அது என் வண்டிச் சத்தம்."

"எல்லாரும் இருக்காகளா?"

"எல்லாரும் இருக்காங்க. நீங்கதான் பாக்கி."

சோடாவைக் கடைசிச் சொட்டு வரை குடித்துமுடித்தார். பிறகு எழுந்துவந்து என் ஹெல்மெட்டின் மேல் ஓங்கி ஒன்று போட்டார். ஹெல்மெட் ரூ. 1,150, விருதுநகரில் வாங்கியது, நல்ல தரம். "ரெண்டு தடவ நெசமாவே ஓடியிருக்கேன், தெரியுமா?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடு. சோடாவுக்குக் குடு" என்றார். கொடுத்தேன்.

பின்னால் ஏற்றிக்கொண்டு போக முடியாது. பின்னால் உட்காருகிறவரிடம் லைசென்ஸ் இருந்தால்தான் எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஏற்றலாம். அதை விளக்கினேன். "நானா ஏறப்போறேன்? வெடி வண்டியில?" என்றார் அக்கா. "நான் நடக்கேன். நீ முன்னால ஓடீராத. நீ போயி நின்னு நான் வரலைன்னா, மறுபடி தேடுவாக."

எனவே அவர் நடந்தார், நான் பக்கத்தில் ஓட்டினேன். நீங்கள் பைக் பழகுகிறவரென்றால், வேகமாகப் போவதுதான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு மனுஷி நடக்கிற வேகத்தில் போய்ப் பாருங்கள். முதல் இருநூறு மீட்டரில் ஏழு தடவை எஞ்சின் நின்றது. ஒவ்வொரு தடவையும் அக்காவும் நின்று, இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தார். "இதுக்கு நீ தள்ளிக்கிட்டே வந்திருக்கலாம் பிள்ள." பிறகு தன் பெரிய மகளின் நர்சிங் படிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டே வந்ததில் கிளட்சை மறந்துபோனேன். இடது கை தானாகப் பாதி பிடித்து, பாதி விட்டுக்கொண்டிருந்தது. கடைசி ஒரு கிலோமீட்டரில் நான் கால் ஊன்றவே இல்லை. மொத்தம் 34 நிமிடம்.

முத்துமாரி பெயருக்கு நேரே கோடு விழுந்தது. ஷெட்டுகளில் வேலை தொடங்கியபோது மணி 3.15. நான் பணக்கவரை எடுத்தேன். பால்ச்சாமி அண்ணன் வேண்டாமென்று தலையாட்டினார்.

"வண்டி விக்கல தாயி. வண்டியில குத்தமில்ல. நாளைக்கு நீங்க எங்கயாச்சும் விழுந்து கெடந்தா எனக்குத்தான மனசு கேக்காது? ஸ்கூட்டர் வாங்கிக்கோங்க."

திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. பட்டியலில் இருக்கும் அந்த இரண்டு பேரில் ஒருவருக்கு நிச்சயம் பைக் ஓட்டத் தெரிந்திருக்கும்.

"அண்ணே, நீங்க எட்டு வருசமா ஓட்டுறீக" என்று முத்துமாரி அக்கா ஷெட்டுக்குப் போகாமல் நின்றார். "இந்தப் பிள்ள ஒரு கிலோமீட்டரு காலு ஊனாம என் கூட வந்துச்சு. நீங்க வாங்க பாப்போம்."

"இதென்ன பெரிய வித்தையா?"

"வாங்கன்னேன்ல."

தார்ச்சாலைக்குப் போனார்கள். அக்கா நடந்தார். வேண்டுமென்றே மெதுவாக நடந்தாரா என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். பால்ச்சாமி அண்ணன் பன்னிரண்டு மீட்டர் போனார். வண்டி சாய்ந்தது, இடது கால் தரையில் விழுந்தது. வேலிக்கு உள்ளேயிருந்து பெண்களின் கூச்சல் அந்த டமாரைவிடப் பெரியது. இந்த முறை யாரும் ஓடவில்லை.

விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. ஆனால் செயினை அவரே இறுக்கி, ஆர்.சி. புத்தகத்தையும் பெயர் மாற்றும் படிவங்களையும் கையெழுத்திட்டுக் கொடுத்தார். "நிறுத்தணும்னா மொதல்ல நியூட்ரலு, அப்புறந்தான் சாவி" என்று மூன்று முறை சொன்னார். எல் பலகை மாட்டி, ரூ. 200க்குப் பெட்ரோல் போட்டு, தேன்மொழி பின்தொடர வீட்டுக்கு வந்தேன். 21 கிலோமீட்டர், ஒரு மணி ஐந்து நிமிடம்.

முதல் வண்டி தேடுகிறவர்களுக்கு நான் கண்டது இவ்வளவுதான். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும். ஸ்டாண்டிலிருந்து தனியாக இறக்கித் தள்ளிப் பார்க்க வேண்டும். ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். கலரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பட்டாசு யூனிட் இருக்கும் சாலையில் ஓட்டிப் பழகவே பழகாதீர்கள். உங்களுக்கு அது ஒரு சத்தம், அவ்வளவுதான். அங்கே நாற்பத்திரண்டு பேர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓட வேண்டியிருக்கிறது. அன்று எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை 7.15க்குக் கிளம்பினேன். பள்ளி வாசலில் வாட்ச்மேன் கைகாட்டி நிறுத்தப் பார்த்தார்.

"டீச்சர், நீங்களா ஓட்டிட்டு வந்தீக?"

"ஆமா" என்று சொல்லிக்கொண்டே கிளட்சை விட்டுவிட்டேன். வண்டி ஒரு குதி குதித்து நின்றுபோனது. மணி 8.38. நின்ற இடம் கேட்டுக்கு உள்ளே.