வலது ஓரத்துப் பலகை

மார்க்கிரட் டீச்சரிடம் தான் எடுத்த புகைப்படத்தைக் காட்டிவிட்டு மனம் குளிர்ந்து திரும்பியவர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒருவரும் இல்லை. சொந்தத் தம்பியின் கல்யாண ஆல்பத்தையே புரட்டிவிட்டு, "பத்துக்கு மூணு. தாலி கட்டறப்ப மாப்பிள்ளை தூங்கறாரு" என்று மூடிக் கொடுத்தவர். செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஸ்டேஷன் மாஸ்டரின் மகள். பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். தேவாலயத்துக்கு ஏன் வருவதில்லை என்று பாதிரியார் கேட்டபோது, "ஞாயித்துக்கிழமை காலையிலதான் ஃபாதர் வெளிச்சம் நல்லா இருக்கு" என்றார். கேமராவோடு தெருவில் அலைவார். ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க அவருக்கு வராது.

தொண்ணூற்றெட்டில் அம்பாங்கைச் சேர்ந்த சண்முகரத்தினம் இன்டர்நெட்டில் படக்காரர் வட்டம் ஒன்றைத் தொடங்கினார். யாரும் படம் போடலாம், யாரும் விமர்சனம் எழுதலாம், பத்துக்கு மார்க் கொடுக்கலாம். நடந்தது என்னவோ மொய் எழுதும் வேலைதான். நீ எனக்கு ஒன்பது போடு, நான் உனக்கு ஒன்பது போடுகிறேன். இந்தக் கூத்துக்கு நடுவே டீச்சர் மட்டும் மூன்றும் நான்கும் போட்டு, ஏன் என்று வரிவரியாக விளக்கினார். திட்டு வாங்கியவர்களே அதைப் படிக்க மறுபடியும் வந்தார்கள். வட்டத்தின் இணையப் பக்கத்துக்குப் பெயர் கிடைத்தது. பக்கத்தின் உச்சியில் ஒரு வீடமைப்பு நிறுவனத்தின் விளம்பரமும் வந்து உட்கார்ந்தது.

மறு வருடம் கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் சுலைகா ஒரு படம் போட்டாள். இடித்துப்போட்ட, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள். செங்கல் குவியலுக்கு நடுவே ஓர் அலமாரி. அதன் கண்ணாடியில் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருக்கிறாள் ஒருத்தி. வலது ஓரத்தில் ஒரு லோரியின் பாதி உடம்பு, அதற்கு மேலே ஏதோ பெரிய பலகை. டீச்சர் எழுதினார்: "வலது பக்கம் குப்பை. வெட்டினால் கண்ணாடி தூக்கி நிற்கும். பத்துக்கு நான்கு."

மறுநாள் போன் அடித்தது.

"டீச்சர், சுலைகா பேசறேன். சந்தோசமா இப்ப?"

"என்னாம்மா ஆச்சு?"

"வட்டத்துல படத்த வெட்டிட்டாங்க. என்னைக் கேக்கல. 'மார்க்கிரட் டீச்சர் அறிவுரைப்படி'ன்னு கீழ எழுதி வேற வெச்சிருக்காங்க. ஏன்னு கேட்டு எழுதினேன், அதையும் அழிச்சிட்டாங்க. கத்தரிக்கோல எடுத்துக் குடுத்தது நீங்கதான்."

"நான் படத்தோட அமைப்பப் பத்திதான்லா சொன்னேன்."

"அந்தப் பலகைல என்னா எழுதியிருந்துச்சு, சொல்லுங்க?"

டீச்சர் அதைப் படித்திருக்கவே இல்லை. மஞ்சளாக, சதுரமாக, கண்ணை உறுத்தும் ஒரு பொருளாகத்தான் பார்த்திருந்தார். போனை வைத்தபிறகு வீட்டுக்குள் நடந்தார். சட்டியில் வைத்த பால் பொங்கி வழிந்தது. துடைக்காமல் மறுபடியும் நடந்தார்.

மறுநாள் சுலைகா முழுப் படத்தின் பிரதியோடு ரயிலேறி வந்தாள். சாப்பாட்டுக் கடையில் வாழையிலையைத் தள்ளிவைத்துவிட்டு டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையைப் படித்தார். சிரிக்கும் ஒரு குடும்பம். கீழே, 'உங்கள் கனவு இல்லம்.' அதற்கும் கீழே நிறுவனத்தின் பெயர். பக்கத்தின் உச்சியில் விளம்பரம் போட்டிருக்கும் அதே பெயர்.

டீச்சர் இலையை மூடினார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. எழுந்து நேரே பொதுத் தொலைபேசிக்குப் போய்ச் சண்முகரத்தினத்தை அழைத்தார்.

"ரத்தினம், முழுப் படத்தையும் திருப்பிப் போடு."

"டீச்சர், வெட்டினப்புறம் எட்டு, ஒம்பதுன்னு மார்க் குவியுது. நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்."

"சரி. அப்ப நான் எழுதினதை அழி."

"அதெப்படி டீச்சர்? ஒருத்தர் கருத்த அழிக்கறது சென்சார் இல்லையா? நம்ம வட்டத்துல அந்தப் பழக்கமே கெடையாது."

வெட்டுகிறவன் எந்தக் காலத்திலும் தன்னை வெட்டுகிறவன் என்று சொல்லிக்கொண்டதில்லை. அழகுபடுத்துகிறேன் என்பான், அதற்கு ஒரு நியாயவானின் கையெழுத்தும் வாங்கி வைத்திருப்பான். இந்த முறை மாட்டிய கையெழுத்து தன்னுடையது என்பதுதான் டீச்சரைக் குடைந்தது.

"நானே முழுப் படத்தையும் போட்டா?"

"உங்களை வட்டத்துலேர்ந்து எடுக்க வேண்டிவரும், டீச்சர். பேரை எடுத்தா நீங்க இதுவரைக்கும் எழுதின அத்தனையும் சேந்து போயிடும். கம்ப்யூட்டர் அப்படி. எனக்கே மனசு கேக்காது. யோசிங்க."

யோசித்தார். ஒன்றரை வருடத்து விமர்சனம். வேறு எதையும் அவர் சேர்த்து வைத்ததில்லை. தான் எடுத்த படங்களைக்கூட உறையில் போட்டு மறந்துவிடுவார். எழுதியதை மட்டும் அவ்வப்போது திறந்து படித்து, தனக்குத்தானே தலையாட்டிக்கொள்வார்.

ரத்தினம் சொன்னதைச் சுலைகாவிடம் ஒப்பித்துவிட்டுத் தெரு முனை சைபர் கஃபேக்குள் நுழைந்தார். சுலைகா பின்னாலேயே வந்தாள்.

"டீச்சர், எல்லாம் போயிடும்னு சொன்னீங்களே?"

"போகட்டும். அந்தக் 'குப்பை'யும் சேந்து போகும்ல."

கடைக்காரர் பிரதியை ஸ்கேன் செய்து கொடுத்தார். டீச்சர் தன் பெயரிலேயே அதை ஏற்றினார். படம் மேலிருந்து கீழாக, கோடு கோடாக, தாமதமாகத் திறந்தது. முதலில் வானம், பிறகு பலகை, பிறகு லோரி, கடைசியில் தலை வாரும் பெண். அடியில் எழுதினார்: "படம் எடுத்தவர் சுலைகா. வலது ஓரத்தைக் குப்பை என்று எழுதியது நான். அங்கே உள்ள பலகையைப் படிக்காமல் எழுதினேன். நீங்கள் படியுங்கள். படித்தபிறகு பக்கத்தின் உச்சியையும் பாருங்கள்."

காலையில் போய்ப் பார்த்தபோது வட்டத்துப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர் எழுதிய ஒரு வரிகூட எங்கும் இல்லை. சுலைகாவின் வெட்டிய படம் மட்டும் இருந்தது. அதன் கீழே 'மார்க்கிரட் டீச்சர் அறிவுரைப்படி' என்ற வரி அப்படியே நின்றது, அதற்குச் சான்றாக இருந்த விமர்சனம் மட்டும் காணாமல் போயிருந்தது. அந்த வெற்றிடத்துக்குக் கீழே யாரோ கேட்டிருந்தார்: 'எந்த அறிவுரை?' அவருக்கும் கீழே இன்னொருவர்: 'நேற்று நான் முழுப் படத்தைப் பார்த்தேன். அது எங்கே?'

டீச்சர் அந்த இரண்டு வரிகளையும் திரும்பத் திரும்பப் படித்தார். நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. வெளியே வந்து சுலைகாவுக்குப் போன் செய்தார்.

"ரெண்டு பேரு கேக்கறாங்கம்மா. அழிக்கறதுக்குள்ள ஓடிப்போய்ப் பாரு."

"பாக்கறேன், டீச்சர். இப்பவாவது சொல்லுங்க, முழுப் படத்துக்கு எத்தன மார்க்?"

"நாலு."

"இன்னமும் நாலா!"

"வெய்யில் உச்சில இருக்கறப்ப எடுத்திருக்க. அந்தப் பொண்ணு மூஞ்சி கறுத்துக் கெடக்கு. பலகை இன்னும் அங்கதான நிக்குது?"

"நிக்குது."

"நாளைக்குக் காலைல வெளிச்சம் வர்றதுக்குள்ள கிள்ளான் ஸ்டேசன்ல நில்லு. நானும் வரேன்."

போனை வைத்துவிட்டு டீச்சர் ஃபிலிம் வாங்கக் கிளம்பினார்.