வெளியேறுவது பற்றி நான் எழுதிய வரி

அந்த நாட்களில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஆரணி பேருந்து நிலையம் வரை நடப்பேன். ஒருநாள் தேவிகாபுரம் வண்டியில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, நடத்துநர் விசில் ஊதுமுன் இறங்கிவிட்டேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. வீடு திரும்பும்போது அரிசி ஆலைப் பக்கமாகச் சுற்றி வருவேன். நேர்வழியில் போனால் அந்தப் பெண்ணின் வீட்டைக் கடக்க வேண்டும்.

கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என் பழைய மாணவியான அவள்தான், தான் வேலை பார்த்த ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு எழுத்துவேலை வாங்கித் தந்தவள். எங்கோ இருக்கும் கணினியில் ஒரு செஷனைத் திறந்து, கட்டளை கொடுத்து, திரையில் வரும் பதிலைப் படிக்கும் கருவிகளை அவர்கள் செய்தார்கள். அவற்றைப் பயன்படுத்துவது மனிதர்களல்ல, ஏஐ ஏஜென்ட்டுகள். ஒவ்வொரு கருவிக்கும் நான் விளக்கம் எழுதுவேன். ஏஜென்ட் அதைப் படித்து, படித்தபடி செய்யும். சரியாகச் செய்கிறதா என்று சோதிப்பது அவள் வேலை.

செஷனிலிருந்து வெளியே வர இரண்டு வழிகள் உண்டு. ‘டிடாச்’ என்றால் வெளியே வந்துவிடலாம், உள்ளே வேலை ஓடிக்கொண்டே இருக்கும். ‘குளோஸ்’ என்றால் உள்ளே ஓடுகிற எல்லாமே செத்துவிடும். எந்த இடத்தில் எது என்று நான் பிரித்து எழுதியிருக்க வேண்டும். நான் எழுதியதோ, பார்த்து முடித்ததும் ‘லீவ்’ செய்யவும் என்று. எழுதும்போது எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. எங்கள் பக்கம் யாரும் ஒரு வீட்டை விட்டுப் ‘போறேன்’ என்று கிளம்புவதில்லை, ‘வரேன்’ என்றுதான் கிளம்புவோம். வெளியேறுவது என்றாலே திரும்பி வருவதற்குத்தான் என்று என் புத்தி எடுத்துக்கொண்டது. ஏஜென்ட்டுக்கு அந்தப் பழக்கம் ஏது?

ஒரு வாடிக்கையாளருக்கு அன்று மாலை கொடுக்க வேண்டிய பெரிய கணக்கீடு காலையிலிருந்து அவளுடைய செஷனில் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு முடிந்தது என்று பார்த்துவர ஏஜென்ட்டை அனுப்பினாள். அது பார்த்தது, சொன்னது, பிறகு செஷனைக் குளோஸ் செய்துவிட்டது.

வாடிக்கையாளர் கத்தினார். மறுநாள் ஆன்லைன் கூட்டத்தில் மேலாளர் என்னிடம் நேராகக் கேட்டார்.

“சார், ரெண்டுக்கும் வித்தியாசம் டாக்குமென்ட்ல இருக்குதா?”

“இருக்கு,” என்றேன்.

பொய்யில்லை. கடைசிப் பக்கத்தில், யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் இருந்தது. ஏஜென்ட் படித்த இடத்தில் இல்லை. அதைச் சொல்லாமல் மைக்கை அணைத்துக்கொண்டேன். டாக்குமென்ட்டைச் சரியாகப் படிக்காதது அவள் தப்பு என்று அந்த வாரமே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அன்று சாயங்காலம் எனக்கு அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது: ‘ஸாரி சார். உங்க டாக்குமென்ட்டை ஒழுங்கா படிக்காம விட்டுட்டேன். உங்களுக்கும் பேஜார்.’

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து அவள் வீடு திரும்பியிருப்பாள் என்று தெரிந்து, நேர்வழியில் போனேன்.

“வாங்க சார். மில் பக்கமா சுத்திகினே இருக்கீங்களாமே, எங்க அம்மா சொல்லிச்சு. சுகரா?”

“சுகர் இல்லம்மா,” என்றேன். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்திலிருந்த சிரிப்பு சட்டென்று போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

“அப்ப நான் ஸாரின்னு அனுப்பினது?”

“படிச்சேன்.”

“படிச்சிட்டு?”

“கட்டைவிரல் படம் அனுப்பினேன்.”

“ஆமா, வந்துச்சு. பெரிய மனசு சார் உங்களுக்கு. வந்தவாசியில ஒரு கடையில பில் போடற வேலைக்கு நாளையிலேர்ந்து வரேன்னு சொல்லிட்டேன், தெரியுமா?” அவள் குரல் ஏறியது. “இதை என்கிட்ட எதுக்கு சொல்றீங்க? போனை எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. ஜல்தி.”

மேலாளரை அழைத்தேன். அவள் எதிரிலேயே, தப்பு என் வரியில்தான், அவளிடம் இல்லை என்றேன். ஸ்பீக்கரில் மேலாளர் குரல் வந்தது.

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா சார்? அந்த இடத்துக்கு வேற ஒருத்தர்கிட்ட பேசிகினு இருக்கோம். பாக்கறேன்.”

இணைப்பு அறுந்தது. அவள் என் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாசலுக்கு வந்து ஒரு செருப்பை மாட்டினேன்.

“வரேம்மா.”

“வரேன்னா?” என்றாள். “டிடாச்சா சார், குளோஸா? புரியற மாதிரி சொல்லிட்டுப் போங்க.”

மற்றொரு செருப்பைக் கால் தேடிக்கொண்டிருந்தது.

“டிடாச்தாம்மா. நாளைக்குக் காலைல, நீ வந்தவாசி பஸ் ஏர்றதுக்கு முன்னாடி வரேன். உன் எதிர்லயே மறுபடி கூப்பிடறேன்.”

அவள் ‘வாங்க’ என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.